மோட்டார் சைக்கிள் கிட்டில் செயின் லூசு: ரோலரா, ஸ்பிரிங்கா, சக்கரத்தை இழுப்பதா?

சாதா சைக்கிளில் 66 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கிட் மாட்டியவர்களுக்கு இடது பக்க மோட்டார் செயின் லூசானால் முதலில் நினைவுக்கு வருவது கிட்டோடு வந்த, செயினை அழுத்தி விறைப்பாக்கும் ரோலர் டென்ஷனர்தான். எங்களைக் கேட்டால் அதைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் செயின் தொங்குகிறது, அரைச் சுற்றுக்குப் பிறகு விறைக்கிறது என்றால் கோளாறு செயினில் கிடையாது. பின் சக்கரத்தில் மோட்டார் செயின் ஓடும் 44 பல் ஸ்பிராக்கெட் (பல் சக்கரம்) சக்கரத்தின் நடுவில் உட்காரவில்லை. எந்த டென்ஷனரும் இதைச் சரி செய்யாது. ஒரு கம்பித் துண்டை ஃபிரேமில் கட்டி, அதன் முனை பல் நுனியை உரசும்படி வைத்துச் சுற்றினால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்பிராக்கெட்டைச் சக்கரக் கம்பிகளோடு பிணைக்கும் ரப்பர் தட்டுகளைப் பிடித்திருக்கும் 9 போல்ட்டுகளையும் தளர்த்தி, ஸ்பிராக்கெட்டை லேசாகத் தட்டி நகர்த்தி, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அந்தத் தட்டுகள் 36 ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரத்துக்கென்று செய்தவை. நம்மூர் பழைய 28 அங்குல சைக்கிளில் பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பதால் துளைகளும் கம்பி இடைவெளியும் ஒத்துவராது. அதில் ஹப்பைப் பிடிக்கும் அடாப்டர்தான் சரி.

இப்போது ரோலர். எஞ்சின் இழுக்கும்போது செயினின் மேல் பாதி விறைப்பாகவும் கீழ் பாதி தளர்வாகவும் இருக்கும். அந்தத் தளர்வைத் தாங்கக் கீழே ரோலர் போதும். ஆனால் இந்த வண்டியை மிதித்து, கிளச்சை விட்டு ஸ்டார்ட் செய்கிறோம். அந்த நொடியில் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. தளர்ந்திருந்த கீழ் பாதி சட்டென்று விறைத்து ரோலரை உதைக்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் இப்படி ஒரு உதை விழுந்தால், ரோலரை ஃபிரேமின் உருண்டையான குழாயில் பிடித்திருக்கும் கிளாம்ப் இம்மி இம்மியாகத் திரும்பும். ஒருநாள் ரோலர் கம்பிகளுக்குள் புகுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதில் ஆள் தூக்கி எறியப்படலாம்.

தானே சரிசெய்துகொள்ளும் ஸ்பிரிங் டென்ஷனர் பார்க்கச் சௌகரியம். ஆனால் அதே ஸ்டார்ட் உதையில் ஸ்பிரிங் வழிவிட, தளர்வு முழுக்க மேல் பாதிக்குப் போகிறது. செயின் முன்னால் உள்ள 10 பல் ஸ்பிராக்கெட்டை விட்டு ஏறிக் கழன்று, ஸ்பிராக்கெட்டுக்கும் எஞ்சின் கேஸுக்கும் நடுவில் சிக்கினால் கேஸ் உடையும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும், வேகம் கூடும்போது தானே பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளச் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது பரவாயில்லை. மிதித்து ஸ்டார்ட் செய்யும் கிட்டுக்கு வேண்டாம்.

நாங்கள் சொல்வது, செயின் நீளத்தைச் சரியாக வெட்டிச் சக்கரத்தைப் பின்னால் இழுப்பது. 415 செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று ஜோடியாகத்தான் எடுக்க முடியும் என்பதால் ஒரே வெட்டில் 25.4 மி.மீ. குறைகிறது. அதற்கு ஈடாக அச்சை ஏறக்குறைய 13 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். பல ஃபிரேம்களில் அந்த இடம் இருக்காது. இங்கேதான் ஒரு முனை உள்கண்ணியாகவும் மறுமுனை வெளிக்கண்ணியாகவும் இருக்கும் அரைக் கண்ணி உதவும்: ஒன்று சேர்த்தால் 12.7 மி.மீ. மட்டும் மாறும், அச்சு 6 மி.மீ. சொச்சம் நகர்ந்தால் போதும். ஒன்றுக்கு மேல் போடாதீர்கள், நேர்க் கண்ணியளவு பலம் அதற்குக் கிடையாது.

இந்த வழியின் சிக்கல், ஒரே அச்சில் இரண்டு செயின் இருப்பது. மோட்டார் செயினுக்காகச் சக்கரத்தை நகர்த்தினால் வலது பக்க பெடல் செயினும் மாறும். பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக் வண்டியில் பெடல் செயின் கழன்றால் பின் பிரேக்கும் போய்விடும். அதனால் முதலில் பெடல் செயினை வைத்து அச்சை நிறுத்துங்கள். பிறகு மோட்டார் செயினை அரைக் கண்ணியால் அதற்குப் பொருத்துங்கள். கோஸ்டர் பிரேக்கின் கையை ஃபிரேமோடு பிடிக்கும் தகட்டின் போல்ட்டை முன்பே தளர்த்த மறக்கக் கூடாது. எஞ்சின் இழுப்பில் அச்சின் இடது முனை முன்னால் நழுவப் பார்க்கும். அங்கே அச்சைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் திருகு ஒன்று கட்டாயம். மிகத் தளர்வான இடத்தில் செயின் 12 முதல் 15 மி.மீ. ஆடலாம். செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினையே நகர்த்தலாம் என்பவர்கள் உண்டு. பிடிமானத்துக்கு அடியில் ரப்பர் திணித்தால் அதிர்வு கூடி எஞ்சினைப் பிடித்திருக்கும் ஸ்டட் (திருகாணி) முறியும். அதை விட்டுவிடுங்கள்.

அச்சுப் பள்ளம் செங்குத்தாக இருக்கும் கியர் சைக்கிளில் சக்கரத்தை இழுக்க வழியில்லை, அங்கே ரோலர்தான். கிளாம்புக்கு அடியில் பழைய ட்யூப் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். குழாய் சக்கரத்துக்குச் சாய்வாகப் போவதால், ரோலர் செயினுக்கு நேராக வரும்வரை அதைத் தாங்கும் தகட்டை முறுக்குங்கள். செயினை மிக நெருக்காமல், தொட்டு லேசாக அழுத்தினால் போதும். கிளாம்பிலும் குழாயிலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் கிளாம்ப் திரும்பத் தொடங்கிவிட்டது, அன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.