கேட்காமல் வரும் ரொட்டி: லிஸ்பனில் ஆறு பயணங்களின் சாப்பாட்டுக் கணக்கு

அடுத்த மாதம் லிஸ்பனுக்குச் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே எங்கு சாப்பிடலாம் என்று கேட்டிருந்தார். 2018 முதல் அலுவல் காரணமாக ஆறு முறை, முறைக்குப் பத்து நாட்களாவது அந்நகரத்தில் தங்கியவன் என்பதால் என்னைக் கேட்டிருப்பார். பெலேமில் 1837 முதல் விற்கும் முட்டைக் கஸ்டர்டு பணியாரத்தையும், உப்பிட்டு உலர்த்திய காட் மீனையும், ரிபெய்ரா சந்தையின் உணவுக்கூடத்தையும் எந்த வழிகாட்டியும் சொல்லிவிடும். பதில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு நினைவில் நின்றது ஒரு தட்டு ஆலிவ் காய்தான்.

லிஸ்பன் உணவகத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும், பட்டியல் கைக்கு வருவதற்கு முன்பே, ரொட்டிக் கூடை, வெண்ணெய், ஆலிவ் காய், மத்தி மீன் விழுது, சில இடங்களில் செம்மறியாட்டுப் பாலில் செய்த சிறிய பாலாடைக்கட்டி ஆகியவை மேசைக்கு வந்துவிடும். (மேசை என்ற நம் சொல்லே போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததுதான், அங்கே அதை 'மேசா' என்பார்கள்.) இந்த வரவேற்புக்குக் 'கூவேர்' என்று பெயர். இலை போட்டதும் கேட்காமலே உப்பும் ஊறுகாயும் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் தோன்றவில்லை. முதல் பயணத்தில், பாய்ஷா வட்டாரத்தில், வாசலிலேயே படம் போட்ட பட்டியலுடன் ஒருவர் நின்று அழைத்த கடையில், வந்ததையெல்லாம் நானும் மனைவியும் சாப்பிட்டு முடித்தோம். நான் கேட்ட மீனுக்கு 12 யூரோ. கேட்காதவற்றுக்கு 13 யூரோ 50 சென்ட்.

நியாயமாகப் பேசுவதென்றால், இது மோசடி அல்ல. வாடிக்கையாளர் கேட்காத, அவர் கைவைக்காத எந்த உணவுக்கும், கூவேர் உட்பட, பணம் வாங்கக் கூடாது என்று போர்த்துக்கல்லின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் எழுதி வைப்பதற்கு ஒவ்வோர் உணவகத்திலும் புகார்ப் புத்தகம் இருந்தாக வேண்டும். நாங்களோ கைவைத்ததோடு நில்லாமல் தட்டையும் துடைத்து வைத்திருந்தோம். விலைகளும் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தன. சட்டம் முழுக்கக் கடைக்காரர் பக்கம் நின்றதுதான் என் எரிச்சலை இரட்டிப்பாக்கியது. அதன்பின் 'நாவ், ஒப்ரிகாது' என்ற இரண்டு சொற்களைப் பாடம் செய்துகொண்டேன். வேண்டாம், நன்றி என்று பொருள். அதைச் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துச் சென்றுவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்தால், நாம் தொடாத கூடை சாப்பாடு முடியும்வரை நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மதிய வேளையில் இந்தக் கோபம் எனக்கு வருவதே இல்லை. 'தாஷ்கா' என்று சொல்லப்படும் சிறிய குடும்ப உணவகங்களில், காகிதம் விரித்த மேசையில், 'ப்ராத்து து தியா' என்னும் அன்றைய சாப்பாட்டைக் கேளுங்கள். பன்னிரண்டரை மணிக்கே போய்விட வேண்டும்; ஒரு மணிக்குப் பக்கத்துக் கட்டடங்களின் ஊழியர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். சுட்ட மீனோ, காட் மீனைப் பிய்த்து மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும் சேர்த்துக் கிளறியதோ, எதுவானாலும் ஒரு தட்டு இருவருக்குப் போதும். அதனால்தான் 'மெய்யா தோஸ்', அதாவது அரை அளவு, என்று கேட்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் வேறெங்கும் என் வயிற்றின் அளவை இவ்வளவு மதித்த உணவகங்களை நான் கண்டதில்லை. கடைசியாகப் பரிமாறுபவர் காதில் செருகிய பேனாவை எடுத்து, மேசை விரிப்புக் காகிதத்திலேயே கூட்டிக் காட்டுவார். என் மனைவி இறைச்சியும் மீனும் உண்பதில்லை. அவருக்கு 'பெய்ஷின்யுஷ் தா ஓர்த்தா' கை கொடுத்தது. 'தோட்டத்துக் குட்டி மீன்கள்' என்று பெயர், ஆனால் உள்ளே இருப்பது பீன்ஸ்; சாட்சாத் பீன்ஸ் பஜ்ஜி. ஜப்பானின் தெம்புராவுக்கு மூலம் போர்த்துக்கீசியரின் இத்தகைய பொரியல்தான் என்று சொல்லப்படுவது, அதைக் கடித்த பிறகு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. 'கால்து வேர்து' என்னும் கீரைச் சூப்பில் மட்டும் ஒரு துண்டு பன்றிக் கொத்திறைச்சி மிதக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இடத்தைக் கேட்டால், கடையின் பெயரை விட வட்டாரத்தைச் சொல்வேன். 28-ஆம் எண் டிராமில் ஏறி, கூட்டமெல்லாம் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்து, மேற்குக் கோடியில் உள்ள காம்பு து ஓரிக்கில் இறங்கி நடந்தால் பட்டியலைக் கையால் எழுதி ஒட்டிய கடைகள் தென்படும். ஞாயிற்றுக்கிழமை பல தாஷ்காக்களுக்கு விடுமுறை. ஜூன் மாதமென்றால், 12-ஆம் தேதி புனித அந்தோணியார் திருவிழாவின் இரவில் அல்ஃபாமா தெருக்களில் மத்தி மீன் சுடும் புகைக்குள் நுழைந்துவிடுங்கள். அங்கே மேசையும் இல்லை, கூவேரும் இல்லை.

சென்ற பயணத்தின் மூன்றாம் நாள் இதே காம்பு து ஓரிக்கில் ஒரு கடையில், வழக்கமான வீறாப்புடன் ரொட்டிக் கூடையைத் திருப்பி அனுப்பினேன். பின்னர் கீரைச் சூப் வந்தது. சோளமாவில் செய்த அந்தக் கனத்த ரொட்டி இல்லாமல் அதைக் குடிப்பது, சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி வெறுமனே குடிப்பதைப் போல் இருந்தது. அனுப்பிய கூடையை நானே திரும்பக் கேட்டேன். பரிமாறிய பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காகிதத்தில் 1 யூரோ 50 சென்ட் என்று எழுதி அடிக்கோடு மட்டும் இட்டார். ரொட்டி மிக நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் நண்பருக்கு என் முடிவை மாற்றி எழுதப் போவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. இரவுக்கு ஒன்று கூடத் தர மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருக்களில், நாள் முழுதும் நடந்து களைத்து, பசியோடு உட்கார்ந்திருப்பவன் முன்னால் வெண்ணெயை வைத்துவிட்டு அவன் மறுப்பானா என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போன தடவை கடைசி நான்கு இரவுகளும் நாங்கள் வெளியே சாப்பிடவில்லை. மூலைக்கடையில் ரொட்டியும் மத்தி மீன் டப்பாவும், மனைவிக்காகப் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் ஆலிவ் காயும் வாங்கி வந்து அறையிலேயே முடித்துக்கொண்டோம். நாம் காசு கொடுத்து வாங்கி வந்திருப்பதும் கூவேர்தான் என்று இரண்டாம் நாள் இரவே மனைவி சொல்லிவிட்டார்.