சால்மன் குஞ்சா, டிரவுட்டா?

ஸ்காட்லாந்தின் டே, ட்வீட் ஆறுகளில் சின்னத் தூண்டில் போட்டால், பெரிய மீனுக்கு முன்னால் விரல் நீளக் குஞ்சு ஒன்று வந்து கடிக்கும். மையில் தோய்த்த பெருவிரலை வரிசையாக அழுத்தியதுபோல் விலாவில் கறுத்த தடங்கள், இடையிடையே சிவப்புப் புள்ளிகள். அட்லாண்டிக் சால்மன் குஞ்சுக்கும் பழுப்பு டிரவுட் குஞ்சுக்கும் இவை பொது. அதனால் புள்ளியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

நான் முதலில் பார்ப்பது மார்புத் துடுப்பை. சால்மன் குஞ்சுக்கு அது உடம்பு அளவுக்கு மீறிப் பெரியது. சீறி ஓடும் நீரில் அந்தத் துடுப்பை விசிறிபோல் விரித்து, அடிக்கல்லோடு ஒட்டி நிற்கும். நீர் கொஞ்சம் அடங்கிய இடத்தை விரும்பும் டிரவுட்டுக்கு அவ்வளவு பெரிய துடுப்பு இல்லை.

அப்புறம் வாய். சால்மன் குஞ்சின் மேல்தாடை கண்ணின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். டிரவுட்டுக்குக் கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். வாலிலும் வித்தியாசம் தெரியும்: சால்மனுக்கு வாலடி ஒடுங்கி, வால் ஆழமாகப் பிளந்திருக்கும், டிரவுட்டுக்கு வாலடி தடிப்பு, பிளவு குறைவு.

வேகமாகப் பார்க்க வேண்டுமென்றால் முதுகின் பின்பக்கம் உள்ள குட்டிக் கொழுப்புத் துடுப்பைப் பாருங்கள். ஆரஞ்சுச் சாயம் இருந்தால் பெரும்பாலும் டிரவுட், வெறும் சாம்பல் நிறமானால் சால்மன். ஆனால் இது ஒன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு இனமும் ஆற்றிலேயே கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு.

வசந்த காலத்தில் கடலுக்குக் கிளம்பும் குஞ்சுகள்தான் உண்மையான சிக்கல். சால்மனும் சரி, கடலுக்குப் போகும் டிரவுட்டும் சரி, வெள்ளிபோல் மின்னும். விலாத் தடங்கள் மறைந்துவிடும். அப்போது தாடையும் வாலடியும்தான் கைகொடுக்கும். செதில் தொட்டாலே உதிரும் பருவம் அது. வலையை நீருக்குள் வைத்தபடியே பார்ப்பது நல்லது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியல் 2023 டிசம்பரில் வெளியானபோது, அதில் பிரிட்டன் ஆறுகளின் சால்மன் 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலைக்கு வந்துவிட்டது. அங்கே சால்மன் குஞ்சைத் தெரிந்தே எடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றமும்கூட. சந்தேகம் வந்தால் சால்மன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையை நனைத்து, தூண்டில் முள்ளை மெல்லக் கழற்றி, தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி பிடித்து, தானாக நழுவிப் போகும்வரை பொறுத்திருங்கள்.