மெக்மாஸ்டர் ஸ்லைடு: குடற்புழு மருந்தின் பலனை அறிய உதவும் கருவி

ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்த பிறகும் எங்கள் கன்றுகளின் சாணம் இளகியே இருந்ததால், மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய, சாணத்திலுள்ள புழு முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ண உதவும், கோடு போட்ட இரண்டு அறைகள் கொண்ட இந்த ஸ்லைடை வாங்கினேன். 4 கிராம் சாணத்தை 56 மில்லி அடர் உப்புக் கரைசலில் கலக்கி, தேநீர் வடிகட்டியில் வடித்து, இரண்டு அறைகளிலும் நிரப்பிச் சில நிமிடங்கள் விட்டால், புழு முட்டைகள் மிதந்து மேலே கோடுகளுக்கு அடியில் வந்து நிற்கின்றன. எண்ணும் ஒவ்வொரு முட்டையும் கிராமுக்கு 50 முட்டைகளைக் குறிக்கும். கரிய விளிம்புள்ள காற்றுக் குமிழிகளை முட்டை என்று எண்ணிவிடக் கூடாது.

மருந்து கொடுத்த நாளிலும் 14ஆம் நாளிலும் அதே கன்றுகளைச் சோதித்தேன். எண்ணிக்கை 95 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும், பாதிதான் குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது கன்றுகளின் எடையைத்தான், ஏனெனில் கண்மதிப்பில் மருந்தைக் குறைத்துக் கொடுத்தாலும் இதே முடிவுதான் வரும். மார்புச் சுற்றளவை அளந்து எடையைக் கணித்து, அதற்கேற்ற அளவில் கொடுத்த பின் முட்டைகள் ஏறக்குறைய மறைந்தன.

ஸ்லைடின் கோடுகள் தெளிவாக உள்ளன. உப்பு படியும் முன் கழுவிவிட வேண்டும். கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காது. அதற்கு, முட்டைகளை அடியில் படியவிட்டுப் பார்க்கும் வண்டல் முறைச் சோதனையே தேவை.