மதுரை வெயிலும் வண்டிக்குள் கேஸ் கேனும்: சில வருட அனுபவம்

மேகமலை, கொடைக்கானல் என்று கிளம்பினால் எங்கள் பொலேரோவின் பின்பக்கம் கேசட் ஸ்டவ்வும் (கேனைப் பக்கத்தில் மாட்டி எரிக்கும் சின்ன அடுப்பு) அதற்கான பியூட்டேன் கேஸ் கேனும் ஏறிவிடும். நீளமான ஸ்பிரே டப்பா மாதிரி வருமே, அந்த 220 கிராம் கேன்தான். ஸ்டவ் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. யோசிக்க வைப்பது கேனை எங்கே வைப்பது என்பதுதான்.

50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று கேனிலேயே அச்சடித்திருப்பார்கள். மதுரையில் அக்னி நட்சத்திர சமயத்தில் வெளியிலேயே 40 டிகிரி. கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டுத்தாவணிப் பக்கம் வெயிலில் நிறுத்தினால் உள்ளே 60ஐத் தொடுவது சாதாரணம். கேனுக்குள் பியூட்டேன் திரவமாக இருக்கிறது. சூடு ஏற ஏற உள்ளழுத்தமும் ஏறும்.

தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன். ஏசி ஓடும்வரை அருமை. மதியம் முழுக்க வெயிலில் நின்ற நாளில், பெட்டிக்குள்ளும் கிட்டத்தட்ட வண்டிக்குள் இருந்த சூடுதான். தெர்மாகோல் சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது. போதாக்குறைக்கு, இறுக்கி மூடிய பெட்டிக்குள் கேஸ் கசிந்தால் அங்கேயே தேங்கி நிற்கும்.

அதனால் இப்போது பக்கமெல்லாம் ஓட்டையுள்ள பால் கிரேட்தான். கேன் மூடியோடு நிமிர்ந்து நிற்கும், உருளாமல் இருக்க சுற்றிப் பழைய சாக்கு. ஸ்டவ்வில் மாட்டியபடியே கேனைக் கொண்டுபோவது கிடையாது. பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம், கசிந்தால் வண்டித் தரையில் படியும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காலையில் நாலு கதவையும் திறந்துபோட்டு, கொஞ்ச நேரம் விட்டுத்தான் சாவியைத் திருகுகிறேன்.

கிரேட்டும் வெயிலுக்கு மருந்தில்லை. வண்டி நிற்கப்போகிறதென்றால் கேன் கையோடு இறங்கிவிடும். வீட்டில் காற்றோட்டமான வராண்டா நிழல்தான் அதற்கு இடம். இது என் மச்சானுக்குப் பெரிய கேலி. "மாமா, கேனுக்கும் ஒரு டீ சொல்லவா?" என்பார். சொல்லட்டும்.

வீட்டு சிலிண்டரிலிருந்து கேனை நிரப்பிக்கொள்ள ஒரு அடாப்டர் ஆன்லைனில் விற்கிறது. அதை மட்டும் தொடாதீர்கள். சமையல் கேஸில் புரொப்பேனும் கலந்திருக்கும், அழுத்தம் அதிகம். ஒரே தடவைக்கென்று செய்த மெல்லிய தகரம் அதற்குத் தாங்காது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தது நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது.

மலை ஏறினால் கேன் வெடிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு போல குறையும், அவ்வளவுதான். அதைவிட மேலூர் வெயிலில் ஒரு மதியம் நிற்பதுதான் கேனுக்குச் சோதனை. மலையில் தொல்லை வேறு மாதிரி. மார்கழிக் குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, தீ மங்கிவிடும். மாட்டுவதற்கு முன் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிறது. அடுப்பில் காட்டிச் சூடாக்கும் வீரர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புரொப்பேன் கலந்த திருகு கேன் குளிருக்கு நன்றாக எரிகிறது. ஆனால் விலை கூடுதல், அதற்குத் தனி பர்னரும் வேண்டும். டிசம்பர், ஜனவரிப் பயணத்துக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மாதங்களில் சாதாரண பியூட்டேன் கேனே போதுமானதாக இருக்கிறது.