சீசர்ஸ் மெசியா: சுவிசேஷத்தை ரோம் அரண்மனையா எழுதியது?

ஜோசப் அட்வில் எழுதி 2005-ல் வந்த ஆங்கிலப் புத்தகம் இது. இதன் சாரத்தை வீடியோக்களில் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு முழுசாகவே படித்துவிடலாம் என்று வாங்கினேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், அந்த இரண்டும்கூட அட்விலுக்கு இல்லை, அவர் பக்கம் பக்கமாக எடுத்துப் போடும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸுக்கு.

வாதம் இதுதான். கி.பி. 66-ல் யூதர்கள் ரோமுக்கு எதிராகக் கிளம்பினார்கள். ரோமத் தளபதியாக இருந்து பிறகு சக்கரவர்த்தியான வெஸ்பாசியனும் அவர் மகன் டைட்டஸும் அதை நசுக்கினார்கள், 70-ல் எருசலேம் ஆலயம் எரிந்து போனது. வாளால் அடக்கியது போதாது என்று, வரி கட்டச் சொல்கிற, மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிற சாதுவான ஒரு மேசியாவை, அதாவது யூதர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பரை, அந்தக் குடும்பமே ஆள் வைத்து எழுதிக்கொண்டதாம். சுவிசேஷத்தில் வரும் இயேசுவின் பயணம், டைட்டஸின் படையெடுப்பைக் கிண்டலாக ஒளித்துவைத்த கதையாம். அதைத் திறக்கும் சாவி, யூதத் தளபதியாக இருந்து 67-ல் சரணடைந்து, அப்புறம் அதே வெஸ்பாசியன் குடும்பத்தின் தயவில் ரோமில் இருந்து போர் வரலாறு எழுதிய ஜோசிஃபஸ்.

ஆரம்பத்தில் ஆளை இழுக்கத்தான் செய்கிறது. கலிலேயா ஏரிக்கரையில் இயேசு மீனவர்களைக் கூப்பிட்டு ‘மனுஷரைப் பிடிக்கிறவர்கள்’ ஆக்குவேன் என்கிறார். அதே ஏரியில் தப்பி ஓடிய யூதர்களை ரோம வீரர்கள் துரத்திப்போய், தண்ணீருக்கு மேல் தலை தூக்கியவர்களை அம்பால் அடித்தார்கள் என்று ஜோசிஃபஸ் எழுதுகிறார். தன் சுயசரிதையில், தெரிந்தவர்கள் மூன்று பேர் சிலுவையில் தொங்குவதைப் பார்த்து டைட்டஸிடம் அழுது கேட்டு இறக்கியதாகவும், இருவர் செத்து ஒருவர் பிழைத்ததாகவும் சொல்கிறார். முற்றுகைப் பட்டினியில் மரியாள் என்ற பெண் தன் குழந்தையையே சுட்டுத் தின்ற கொடுமையும் அவர் எழுதியதுதான், அதை அட்வில் யூதர்களின் பஸ்கா பண்டிகையில் பலியிடும் ஆட்டுக்குட்டியோடு முடிச்சுப் போடுகிறார். ராத்திரி நேரத்தில் படித்தால் ‘அட!’ என்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

காலையில் யோசித்தால் ஒன்றும் நிற்பதில்லை. மனுஷரை மீனாகப் பிடிக்கிற படிமம் பழைய ஏற்பாட்டின் எரேமியா 16-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது, டைட்டஸ் பிறப்பதற்கு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மரியாள், யோசேப்பு, சீமோன், இயேசு எல்லாம் அன்றைய யூதர்களிடம் தெருவுக்குத் தெரு இருந்த பெயர்கள், பெயர் ஒத்துப்போவதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இயேசு ஐந்து அப்பத்தால் பெருங்கூட்டத்துக்குச் சாப்பாடு போட்ட கதைக்கு மூலம் வேண்டுமென்றால், எலிசா தீர்க்கதரிசி இருபது அப்பத்தை நூறு பேருக்குக் கொடுத்து மீதியும் வைத்த கதை இராஜாக்கள் புத்தகத்தில் காத்திருக்கிறது. சுவிசேஷம் எழுதியவர்கள் பழைய ஏற்பாட்டில் ஊறியவர்கள் என்பதை இந்த ஆள் போகிறபோக்கில் தாண்டிவிடுகிறார், எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான்.

காலக்கணக்கு இன்னும் மோசம். ஆரம்பகாலக் கிறிஸ்தவப் பிரசங்கியான பவுலின் கடிதங்கள் 50-களில் எழுதப்பட்டவை, அப்போது வெஸ்பாசியன் சக்கரவர்த்தியே இல்லை. 64-ல் ரோம் எரிந்தபோது சக்கரவர்த்தி நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அரசாங்கமே தயாரித்த மதம் என்றால், 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர், இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது, நான் இவர்கள் விசாரணையில் இருந்ததே இல்லையே என்று சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் போட்டுக் கேட்பாரா? யூதர்களைச் சாந்தமாக்கவே எழுதினார்கள் என்றால் 132-ல் பார் கோக்பா என்ற யூதத் தலைவர் ரோமுக்கு எதிராக மறுபடி கிளம்பியிருக்கிறாரே, முதலீடு முழுக்க நஷ்டமா? இயேசு என்ற மனிதரே இருந்திருக்க மாட்டார் என்று வாதிடுகிற ரிச்சர்ட் கேரியர்கூட இந்தப் புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார், கோபப்பட்டது பக்திமான்கள் மட்டுமில்லை.

இத்தனைக்கும் ஜோசிஃபஸுக்கும் சுவிசேஷங்களுக்கும் உறவு உண்டா என்பது நல்ல கேள்விதான். லூக்கா எழுதியதாகச் சொல்லப்படும் அப்போஸ்தலர் நடபடிகளில் கமாலியேல் என்ற யூத குரு, தான் பேசிப் பல வருஷம் கழித்து நடந்த தெயுதாஸ் கலகத்தைப் பழைய கதைபோலச் சொல்கிறார், அந்தக் குழப்பம் லூக்கா ஜோசிஃபஸை அரைகுறையாகப் படித்ததால் வந்தது என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். அனனியாவின் மகன் இயேசு என்ற கிராமத்தான் இன்னும் சுவாரசியம். 62 வாக்கில் கூடாரப் பண்டிகைக்கு வந்து எருசலேமுக்கும் ஆலயத்துக்கும் ஐயோ என்று கத்துகிறான், யூதத் தலைவர்கள் பிடித்து ரோம ஆளுநரிடம் ஒப்படைக்கிறார்கள், எலும்பு தெரியச் சவுக்கடி விழுந்தும் விசாரணைக்குப் பதில் சொல்வதில்லை, பைத்தியம் என்று விட்டுவிடுகிறார்கள். மாற்கு எழுதிய, இயேசு பிடிபட்டுச் சிலுவையில் சாகிற பாடுகளின் கதையில் இதன் சாயல் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அதற்கு அரண்மனைச் சதி எதுவும் தேவைப்படவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஜோசிஃபஸின் யூதப் போர் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நேராக ஆறாம் புத்தகத்துக்குப் போங்கள், மரியாளும் அந்தக் கிராமத்தானும் அதில்தான் வருகிறார்கள்.