1911-இல் தோட்டா சரியாக ஏறவில்லையா? முதலில் மேகசினைப் பாருங்கள்

பல வருடங்களாக டெக்சாஸில் 5 அங்குல பேரல் (குழல்) கொண்ட, .45 ஏசிபி ரகத் தோட்டா போடும் 1911 கைத்துப்பாக்கி ஒன்றை ரேஞ்சில் சுட்டு வருகிறேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே அமைப்புதான். டிரிக்கர் அவ்வளவு சுத்தமாக விழும், அதற்காகவே இதை விட மனசு வராது. ஆனால் தோட்டா ஏறுவதில் தகராறு செய்யும் என்ற பேரும் இதற்கு உண்டு, என்னிடமும் செய்தது.

தோட்டா சிக்கியதும் எல்லோரும் உடனே மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உருவி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்து, குலுக்கிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் தடயமே போய்விடும். துப்பாக்கி முனை இலக்கின் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிக்கரில் வேண்டாம், தோட்டா எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். தோட்டாவின் மூக்கு கீழே குத்தி, ஃபீட் ராம்பில் (தோட்டா மேலே வழுக்கி ஏறும் சரிவு) முட்டி நின்றால் பெரும்பாலும் மேகசின்தான் காரணம். சாய்வாக ஏறி, மூக்கு சேம்பரின் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) மேல்பக்கத்தில் இடித்துப் பாதியில் நின்றால் எக்ஸ்ட்ராக்டரை, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியை, சந்தேகப்படலாம். ஸ்லைடு கடைசி சில மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் அழுக்கான சேம்பர், ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தது, அளவு தப்பிய தோட்டா, இந்த மூன்றில் ஒன்று.

எனக்கு முதல் வகைதான் அதிகம், அதுவும் மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா போடும்போது. இந்தத் துப்பாக்கி 230 கிரெயின் எடையுள்ள உருண்டை மூக்குத் தோட்டாவை வைத்து உருவானது. குட்டையான, மூக்கு தட்டையான தோட்டா வேறு கோணத்தில் ராம்பைத் தொடும். மேகசின்களுக்குப் பெயின்ட் பேனாவால் எண் போட்டு, எது சிக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். திரும்பத் திரும்ப அதே இரண்டுதான். ஒன்றில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, இன்னொன்றில் மேலே தோட்டாவைப் பிடிக்கும் உதடுகள் அகன்றிருந்தன. முதலாவதற்குப் புது ஸ்பிரிங் போட்டேன், இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். துப்பாக்கியில் கை வைக்காமலேயே முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டா ஏறவில்லை என்றால் தள்ளும் விசை போதவில்லை என்று நினைத்து, வழக்கமான 16 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 20 பவுண்டு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தொல்லையைக் கூட்டத்தான் செய்யும். ஸ்லைடு பின்னால் போய்த் திரும்புவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியிருக்க வேண்டும்; ஸ்லைடு இன்னும் வேகமாகத் திரும்பினால் அதற்கான நேரம்தான் குறையும்.

எக்ஸ்ட்ராக்டருக்கு வருவோம். 1911-இல் தோட்டாவின் அடிவிளிம்பு கீழிருந்து வழுக்கி ஏறி அந்தக் கொக்கிக்குள் போய் உட்கார வேண்டும். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா ஒன்றைக் கொக்கிக்குள் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். விழாமல் நிற்க வேண்டும், ஆனால் செருகும்போது மல்லுக்கட்டக் கூடாது. ஒரு தோட்டாவைக் கையால் நேராகச் சேம்பரில் போட்டு ஸ்லைடை விடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள், கொக்கி அப்படித்தான் பாழாகும்.

அப்புறம் ஃபீட் ராம்ப். வீட்டில் சுழல் கருவி வைத்து இதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஃபிரேமின் (துப்பாக்கியின் அடிச்சட்டம்) ராம்புக்கும் பேரலின் சரிவுக்கும் நடுவே அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு இடைவெளி இருக்க வேண்டும், அந்தச் சின்னப் படி வேண்டுமென்றே வைத்தது. அதை வழவழப்பாக ஒன்றாக்கினாலோ கோணம் மாறினாலோ, மேகசின் மாற்றித் தீர வேண்டிய கோளாறு ஃபிரேமையே பாழாக்கும் செலவில் போய் முடியும். மெருகேற்றியே ஆக வேண்டுமென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இப்போது ரீகாயில் ஸ்பிரிங்கை அவ்வப்போது மாற்றுகிறேன், ஸ்லைடு தண்டவாளத்தில் எண்ணெய் காய விடுவதில்லை. புது மேகசின் வாங்கினால், வழக்கமாகப் போடும் ஹாலோ பாயின்டையே நிரப்பி, முழுதாக இருக்கும்போது முதல் தோட்டாவும் காலியாகும்போது கடைசித் தோட்டாவும் எப்படி ஏறுகின்றன என்று ரேஞ்சிலேயே பார்த்துவிடுவேன். அந்த இரண்டு இடத்திலும் தடுமாறாத மேகசினுக்கு மட்டும்தான் எண் போடுகிறேன்.