வெடிப்பு அலையைக் கணிக்க எது: எச்எல்எல்சியா, வெனோவா, செயற்கைப் பாகுத்தன்மையா?

வாயுவில் வெடிப்பை உருவகப்படுத்த முதல்முறை நிரல் எழுதுபவர்கள், எச்எல்எல்சியோடு (வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றுக்கிடையேயான ஓட்டத்தை மூன்று அலைகளை வைத்துக் கணக்கிடும் முறை) இரண்டாம் வரிசைச் சரிவும் (கட்டத்துக்குள் மதிப்புகள் மாறும் சாய்வு; வரிசை கூடினால் துல்லியம் கூடும்) ஒரு வரம்பியும் (சாய்வு மிகையாகி நடுக்கம் வராமல் தடுப்பது) சேர்த்துத் தொடங்கலாம். ஏன் என்று 1978-இல் சாட் என்பவர் தந்த குழாய்ச் சோதனை காட்டும்: நடுவில் தடுப்பு, இருபுறமும் அசையாத வாயு, எண்களுக்கு அலகில்லை. இடப்பக்க அடர்த்தி 1, அழுத்தம் 1, வலப்பக்கம் 0.125, 0.1, காமா (வாயுவின் வெப்பக் கொள்ளளவு விகிதம்) 1.4. தடுப்பை எடுத்ததும் அதிர்ச்சி அலை 1.752 வேகத்தில் ஓடும். பின்னால் இரு வாயுக்களின் எல்லை 0.927-இல் நகரும். அங்கே இருபுறமும் அழுத்தம் 0.303, அடர்த்தி மட்டும் 0.426-இலிருந்து 0.266-க்கு விழும்.

முறைகளின் தராதரம் இந்த எல்லையில்தான் தெரியும். அதிர்ச்சி அலை தானே கூர்மையாகும். எல்லையோ மங்கினால் மங்கியதுதான். இரண்டே அலைகளை வைத்துக் கணக்கிடும் எச்எல்எல், அசையாத எல்லையைக்கூடக் கரைத்துவிடும். 1994-இல் டோரோ குழுவினர் நடு அலையைச் சேர்த்து அதை எச்எல்எல்சியாக்கியதும் அது சரியானது. கூடுதல் செலவு சில வரி நிரல்தான்.

வான் நியூமனும் ரிக்ட்மயரும் 1950-இல் தந்த செயற்கைப் பாகுத்தன்மை (அதிர்ச்சி அலையைச் சில கட்டங்களுக்குப் பரப்ப வேண்டுமென்றே சேர்க்கும் உராய்வு), வாயுவோடு நகரும் கட்ட வலையில் எல்லையைச் சிதையாமல் வைத்திருக்கும். ஆனால் அந்த உராய்வின் கெழுவைக் குறைத்தால் அலைக்குப் பின்னால் நடுக்கம். கூட்டினால் அலை தடித்துவிடும். சுவரில் மோதித் திரும்பும் இடத்தில் பொய்யான சூடும் சேரும். வலை முறுக்கிக்கொண்டால் ஓட்டமே நின்றுவிடும்.

ஐந்தாம் வரிசை வெனோ (பக்கத்துக் கட்டங்களின் மதிப்புகளை, எங்கே சீராக உள்ளனவோ அங்கே அதிக எடை தந்து சேர்க்கும் முறை), சுழல்களை அழகாகப் பிடிக்கும். அதிர்ச்சி அலையை ஒட்டி அதன் துல்லியமும் முதல் வரிசைக்கே இறங்கும். உச்ச அழுத்தமும் அலை வந்துசேரும் நேரமும் மட்டும் தேவையென்றால் அந்தச் செலவு வீண்.

எச்எல்எல்சிக்கும் நோய் உண்டு. வலைக்கோட்டோடு ஒட்டிப்போகும் வலுவான அலையில் மூக்கு போன்ற புடைப்பு முளைக்கும். அழுத்தத் தாவல் பெரிதாக உள்ள இடங்களில் மட்டும் எச்எல்எல்லுக்கு மாறினால் அடங்கும்.

எந்த முறையானாலும் முதல் 5 காலப்படிகளை ஐந்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். காலப்படியின் நீளத்தை நிரல் தான் காணும் அதிகபட்ச வேகத்தை வைத்தே முடிவுசெய்யும். சாட் சோதனையின் தொடக்கத்தில் வாயு அசையாததால் அது காண்பது ஒலியின் வேகமான 1.183தான், வரப்போகும் அதிர்ச்சி அலையோ 1.752.

அழுத்தம் எதிர்மறையானால் கீழ்வரம்பு போட்டு மறைக்காதீர்கள், ஆற்றல் கள்ளத்தனமாகக் கூடும். அந்தக் கட்டத்தை மட்டும் முதல் வரிசைக்கு இறக்குங்கள். ஒரே புள்ளியில் தொடங்கும் வலுவான கோள வடிவ வெடிப்பில் அலையின் ஆரம் காலத்தின் 0.4 அடுக்காக வளர்கிறதா என்றும் பாருங்கள்.